சத்திரம் யாருடையது?

வழிநடந்து வந்தவனுக்கு ஒரு வேளைச் சோறும் ஓர் இரவு படுக்க இடமும் கொடுப்பது நம் நாட்டில் அறம் எனப்பட்டது. மேனாட்டில் அது ஒரு தொழிலாக வளர்ந்தது. இரண்டு நாடுகளிலும் அதற்கென்று கட்டடங்கள் எழுந்தன. இரண்டிலும் அவை நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்தன. இரண்டிலும் இருப்புப் பாதையும் மோட்டாரும் வந்தபின் நலிந்தன. ஆனால் அங்கே நலிந்தவற்றுள் சில, அண்மைக் காலத்தில், கூட்டுறவு முறையினாலே மீண்டும் உயிர் பெற்றிருக்கின்றன. இங்கே நலிந்தவை பெரும்பாலும் கலியாண மண்டபங்களாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன. இந்த வேறுபாடு ஏன் நேர்ந்தது என்பதைக் கூட்டுறவாளர் என்ற முறையில் நாம் சற்று ஆராய வேண்டும். வேங்கிக்காலில் நம் சங்கங்கள் ஒன்று கூடிச் செய்யக்கூடிய ஒரு காரியம் இதில் அடங்கியிருக்கிறது என்பது நம் கருத்து.

முதலில் நம் வீட்டுக் கதை. சத்திரம் என்றதும் தமிழ்நாட்டில் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, மதுரையில் இரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரம். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் நாயக்க அரசைத் தம் பேரனுக்காக ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயரை அது இன்றும் தாங்கி நிற்கிறது. மற்றொன்று, தஞ்சைச் சீமையில் மராத்திய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் சாலை நெடுகக் கட்டிய சத்திரங்களின் வரிசை. ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் பெயரால் இரண்டாம் சரபோஜி எடுத்த சத்திரம் அவற்றுள் புகழ் மிக்கது.

இச்சத்திரங்களில் என்ன நடந்தது என்பதை ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1799இல் தஞ்சை நாட்டின் ஆட்சி கும்பினியார் கைக்குப் போயிற்று. அப்போது சரபோஜிக்கு ஒரு கவலை பிறந்தது; கோட்டையும் படையும் போனது ஒருபுறம் இருக்க, சத்திரங்களின் மானிய நிலங்களும் போய்விடுமோ என்பதே அக்கவலை. 1801ஆம் ஆண்டில் அவர் ஆங்கில ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் சத்திரங்களின் நடைமுறைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்திருக்கிறார். வருவோர் எச்சாதியாராயினும் சோறுண்டு. சமைத்த சோற்றை உண்ணாதார்க்கு அரிசி உண்டு. நள்ளிரவில் மணி அடிக்கப்படும். அதுவரை உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வந்து உண்ணலாம். நோயுற்று வழிநடக்க இயலாதவர்க்கு வைத்தியரும் மருந்தும் உண்டு. நஞ்சுக் கடிக்கும் மருத்துவம் உண்டு. கைக்குழந்தைகளுக்குப் பால் உண்டு. வழியில் பிள்ளை பெறும் பெண்களுக்குப் பேறு பார்ப்பார் உண்டு. வழியிலேயே இறந்து போனவர்க்கு அவரவர் முறைப்படி ஈமக்கடனும் உண்டு. பிள்ளைகளுக்குப் படிப்பும் அங்கே நடந்தது.

இதைப் படிக்கும்போது நம் உள்ளம் நிறைகிறது. அந்த நள்ளிரவு மணி ஒன்றுக்காகவே அக்கடிதத்தைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்கலாம். ஆயினும் கணக்குப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறொன்றும் புலப்படுகிறது. இவ்வளவு நன்மைகளும் ஒரே ஒரு மனிதருடைய வேண்டுகோளில் தொங்கிக்கொண்டிருந்தன. மன்னர் கடிதம் எழுதினார். ரெசிடெண்டு இசைய வேண்டியிருந்தது. சத்திரத்தில் உண்ட ஆயிரக்கணக்கானோரில் ஒருவருக்கும் அதில் ஒரு சொல் சொல்ல உரிமை இல்லை. உண்டவர் விருந்தினரே, பங்குதாரர் அல்லர்.

தரும சத்திரத்தின் குறை இங்கேதான் இருந்தது. கொடுப்பவர் நல்லவராக இருக்கும்வரை அது சொர்க்கம். கொடுப்பவரின் பேரனுக்கு மனம் மாறினாலும், டிரஸ்டிகள் தமக்குள் வழக்காடினாலும், நிலக் குத்தகை வசூலாகாமற் போனாலும், அடுப்பு அணைந்துவிடும். அதுமட்டுமன்று, யாரை உள்ளே விடுவது, யாரைத் திண்ணையோடு நிறுத்துவது என்பதையும் கொடுப்பவரோ அவர் அமர்த்திய மணியக்காரரோதான் முடிவு செய்வார். பெரியார் ஈ.வெ.ரா. இளமையில், 1904ஆம் ஆண்டளவில், காசிக்குப் போயிருந்தபோது பசியோடு ஓர் அன்னசத்திரத்தின் வாயிலில் தடுக்கப்பட்டதையும், எச்சில் இலையிலிருந்து பசியாறியதையும், அச்சத்திரம் தென்னாட்டு வணிகர் ஒருவர் பிராமணரல்லாதார் பணத்தால் எழுப்பியதென்று பின்னர் அறிந்ததையும் அவர் வரலாற்றில் யாவரும் படித்திருக்கிறோம். பணம் ஒருவருடையது, சோறு வேறொருவருக்கு, விதி மூன்றாமவர் கையில் என்றிருந்தால் இப்படித்தான் முடியும். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் உணவு விடுதி, தரும சாலை, சராய் என்று பெயர் சொல்லியே கதவைத் திறக்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் எத்தனை கதவுகள் மூடியிருந்தன என்பதை எண்ணிக்கொள்ளலாம்.

1914இல் பாம்பன் பாலம் திறந்து இரயில் கடலைத் தாண்டிற்று. கால்நடையாக இராமேசுவரம் போகும் கூட்டம் அதன்பின் குறைந்தது. சாலைச் சத்திரங்களுக்கு வேலை குறைந்தது. வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களுக்கு முசாபரி பங்களாவும் அதில் ஒரு கான்சாமாவும் இருந்தனர். அங்கே கோழிக் குழம்பும் சீமைச் சாராயமும் கிடைத்தன. நாம் அறிந்தவரை, நாட்டுப்புறத்தில் படுக்கையும் உணவும் குடியும் ஒரே கூரையின் கீழ் கிடைத்த ஆங்கில விடுதிக்கு இந்நாட்டில் மிக நெருங்கிய உறவு அந்தப் பங்களாவே. ஆனால் அது ஊராருடையதன்று. ஊரார் அதன் வேலியைத்தான் பார்த்திருப்பார்கள்.

இனி அந்த ஆங்கில விடுதிக்கு வருவோம். இங்கிலாந்தின் கிராமங்களில் பழைய காலத்து விடுதிகள் பலவுண்டு. கீழே ஒரு குடிக்கூடம், அதையொட்டி ஒரு சாப்பாட்டுக்கூடம், மேலே நான்கைந்து படுக்கையறைகள், பின்னால் குதிரை கட்டும் கொட்டில்; இதுவே பொதுவான அமைப்பு. யாத்திரிகர் அங்கும் உண்டு. காண்டர்பரி என்ற தலத்துக்குப் போகும் யாத்திரிகர்கள் இலண்டனுக்குத் தென்கரையில் ஒரு விடுதியில் கூடிப் புறப்படுவதாகவே சாசர் என்ற பழம்புலவர் தம் கதைத் தொகுதியைத் தொடங்குகிறார். நம் அண்ணாமலைக்கு வரும் கூட்டம் எந்தச் சத்திரத்தில் கூடிற்றோ அதுபோல என்று கொள்ளலாம். விடுதிக்காரர் தக்க காரணமின்றி வழிப்போக்கரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அந்நாட்டின் பழைய பொதுச்சட்டம்.

அந்த விடுதிகளும் குடிக்கூடங்களும் இந்த நூற்றாண்டில் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு வருகின்றன. மக்கள் பீர் வாங்கி வீட்டில் வைத்துக் குடிக்கிறார்கள்; கட்டடமோ வீடாக விற்றால் நல்ல விலை போகிறது. உரிமையாளருக்கு விற்பதே இலாபம். ஊராருக்கோ, தபால் நிலையமும் கடையும் ஏற்கெனவே போய்விட்ட ஊரில், நால்வர் கூடிப் பேசும் கடைசி இடமும் போகிறது.

இந்நிலையில் கம்பர்லாந்து மலைச்சாரலில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற சிற்றூரில் ஒரு காரியம் நடந்தது. அவ்வூரில் ஓல்டு கிரவுன் என்ற பழைய விடுதி இருக்கிறது. அதன் பின்னால் ஒரு களஞ்சியத்தில் 1988இல் ஒரு சிறு பீர் வடிசாலை தொடங்கியது. 1999இல் வடிசாலையை ஊராரும் வாடிக்கைக்காரரும் கூட்டுறவுச் சங்கம் அமைத்து வாங்கினர். பிறகு விடுதியே விலைக்கு வந்தது. 2003இல் சுமார் 125 பேர் தலைக்கு 1,500 பவுன் பங்குப் பணம் போட்டு அதையும் வாங்கினர். பிரிட்டனில் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமான முதல் குடிக்கூடம் அதுவே என்பர். மலையேற்றத்தில் உலகப் புகழ்பெற்ற கிறிஸ் பானிங்டன் அப்பக்கத்தில் குடியிருப்பவர். அவரும் ஒரு பங்குதாரர்.

யார்க்‌ஷயரில் ஹட்ஸ்வெல் என்னும் ஊரின் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. அவ்வூரின் ஜார்ஜ் அண்டு டிராகன் விடுதி 2008இல் மூடப்பட்டது. ஊரார் சங்கம் பதிவு செய்து, பங்கு திரட்டி, 2010இல் மீண்டும் திறந்தனர். திறக்கும்போது அவர்கள் குடிக்கூடத்தை மட்டும் திறக்கவில்லை. ஒரு சிறிய நூலகம், ஒரு சிறிய மளிகைக் கடை, பின்னால் ஊரார் காய்கறி பயிரிடத் தோட்டப் பாத்திகள் என்று சேர்த்தே திறந்தனர். 2016ஆம் ஆண்டுக்கு நாட்டின் தலைசிறந்த குடிக்கூடம் என்ற விருது அவ்வூருக்குக் கிடைத்தது. 2011இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் இயற்றிய உள்ளாட்சிச் சட்டம் ஒன்று, ஊருக்குப் பயன்படும் கட்டடம் விற்பனைக்கு வரும்போது ஊரார் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் பெற வழி செய்திருக்கிறது. வேளாண்மைக் கூட்டுறவின் தந்தையருள் ஒருவரான அயர்லாந்துக்காரர் ஹோரஸ் பிளங்கெட் 1919இல் நிறுவிய அறக்கட்டளை இத்தகைய சங்கங்களுக்கு இன்றும் யோசனை கூறி வருகிறது. பால் பண்ணைச் சங்கங்களுக்காகப் பாடுபட்டவரின் பெயரால் பீர்க்கடைச் சங்கங்கள் வளர்வதைப் பார்த்தால் அவர் சிரித்திருப்பாரோ, சினந்திருப்பாரோ, தெரியவில்லை.

குடிக்கூடத்தைப் பற்றிக் கூட்டுறவுப் பத்திரிகையில் இவ்வளவு எழுதலாமா என்று சில அங்கத்தினர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். நெசவாளர் தெருவில் கூலி வாங்கிய மாலை எப்படிக் கழிகிறது என்பதைப் பாஸ் புத்தகங்களைப் பார்க்கும் நாம் அறியாதவர் அல்லர். மதுவிலக்கின் வரலாற்றில் நம் ஜில்லாவுக்குத் தனி இடமுண்டு. 1937இல் இராஜாஜி சேலம் ஜில்லாவில் அதைத் தொடங்கினார். 1939இல் அது திருவண்ணாமலை அடங்கிய வடஆற்காட்டுக்கு வந்தது. கலால் வருமானம் போன இடத்தை நிரப்ப அதே ஆண்டில் விற்பனை வரி பிறந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலாயிற்று, 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் மறுபடியும் போயிற்று. 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுவதும் அரசாங்கத்தின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. விற்பனை வரியும் நின்றது, மதுவும் நின்றது என்று சொல்வோருக்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

ஆனால் இங்கிலாந்து நெசவாளர் இதைப் பற்றி நினைத்திருந்தது என்ன? உலகக் கூட்டுறவாளர் அனைவரும் போற்றும் ராச்டேல் முன்னோடிகள் 28 பேர். அவர்களுள் தறிக்காரர் பலர். 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் டோடு சந்தில் அவர்கள் கடை திறந்த கதையும், வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவர்த்தி விற்ற கதையும் நம் பயிற்சி வகுப்புகளில் ஆண்டுதோறும் சொல்லப்படுகிறது. ஆனால் அவர்களுடைய துணைவிதிகளில் நோக்கங்கள் என்ற பகுதியைக் கடைசி வரை படிப்பவர் குறைவு. கடை, வீடுகள், தொழிற்சாலை, நிலம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, இறுதியில், மக்களிடையே குடியில்லாமை வளரும் பொருட்டு, வசதிப்பட்டபோது சங்கத்தின் வீடுகளில் ஒன்றில் மது விற்காத விடுதி ஒன்று திறப்பது என்று எழுதிவைத்தார்கள். விடுதி கூட்டுறவுக்குப் புறம்பான காரியமன்று. மூல விதியிலேயே அது இருக்கிறது. நெசவாளர்களே அதை எழுதினார்கள். மதுவில்லாமல் நடத்துவது என்றும் அவர்களே எழுதினார்கள்.

ஆகவே நம் கேள்வி நேரானது. வேங்கிக்காலில் நம் சங்கங்கள் சேர்ந்து அங்கத்தினருக்கென்று ஒரு விடுதியும் சாப்பாட்டுக் கூடமும் நடத்தலாமா?

தேவை உண்டா என்பதை முதலில் பார்ப்போம். 1989இல் மாவட்டம் பிரிந்தது. பின்னர் ஆட்சியர் அலுவலகம் வேலூர்ச் சாலையில் வேங்கிக்காலில் அமைந்தது. அன்று முதல் மாவட்டத்தின் எல்லாத் தொல்லைகளும் திங்கட்கிழமை தோறும் இங்கே வந்து இறங்குகின்றன. வந்தவாசியிலும் செய்யாற்றிலும் இருந்து வருவோர் விடியற்காலை வண்டி ஏறினாலும் மனுக் கொடுத்துத் திரும்ப இருட்டிவிடுகிறது. ஜமுனாமரத்தூர் மலையிலிருந்து வருபவர் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் இரவை எங்கே கழிப்பது? ஆரணிப் பக்கத்து நெசவாளி ஒருவர் வரும் நாளில் தறி நிற்கிறது. அன்றைய கூலி இல்லை. அதன்மேல் பேருந்துக் கட்டணமும் மூன்று வேளை ஓட்டல் சாப்பாடும். விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்துக்கு வருவோர் நிலையும் இதுவே. மணிலா அறுவடைக் காலத்தில் விற்பனைக்கூடத்தில் மூட்டை இறக்கிய குடியானவர் ஏலம் முடியும்வரை மூட்டையின் மேலேயே படுத்துறங்குவது வழக்கம். பௌர்ணமியும் ஏலமும் ஒரே நாளில் வந்துவிட்டால், 14 கிலோமீட்டர் மலையைச் சுற்ற வந்த இலட்சக் கணக்கானோர் நடுவே அவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கிடைப்பதும் அரிது.

விடுதிகள் இல்லையா என்றால், எத்தனையோ உண்டு. மலையைச் சுற்றி ஆண்டுக்கு ஆண்டு எழுகின்றன. ஆனால் அவை யாத்திரிகரை நம்பி எழுந்தவை. கார்த்திகைத் தீபத்தன்றும் பௌர்ணமியன்றும் அறை வாடகை பன்மடங்காகிவிடுகிறது. அன்று மனுக் கொடுக்க வந்தவரும் யாத்திரிகர் விலையைத்தான் கொடுக்க வேண்டும். கோயிலில் அன்னதானம் உண்டே என்பார்கள். உண்டு, நல்ல காரியம், நடக்கட்டும். ஆனால் நூல் கட்டையும் மனுக் காகிதங்களையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேங்கிக்காலில் நிற்பவர் அந்த வரிசைக்குப் போய்த் திரும்புவதற்குள் மனு வாங்கும் நேரம் கடந்துவிடும். தாய்மாரின் நிலையை நாம் தனியாகச் சொல்ல வேண்டும். கைக்குழந்தையோடு வரும் நெசவாளப் பெண்கள், அலுவலக வளாகத்து மரத்தடிகளில் சேலைத் தலைப்பால் மறைத்துப் பாலூட்டுவதைக் காண்கிறோம். தஞ்சைச் சத்திரத்தில் 1801இல் குழந்தைக்குப் பால் கொடுத்தார்கள். இங்கே தாய்க்கு உட்கார இடமில்லை.

நடத்த முடியுமா என்பது அடுத்த கேள்வி. அதற்கு இந்நாட்டிலேயே விடை இருக்கிறது. காப்பி போர்டு நடத்தி வந்த இந்தியா காப்பி ஹவுஸ்களை 1957இல் மூடத் தீர்மானித்தபோது, வேலை இழந்த பரிமாறுவோரும் சமையற்காரரும் ஏ.கே. கோபாலன் முதலிய தலைவர்களின் தூண்டுதலால் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தனர். பெங்களூரிலும் தில்லியிலும் 1957இலேயே தொடங்கின, கேரளத்தில் 1958இல். அந்தச் சங்கங்கள் இன்றும் நடக்கின்றன. தலைப்பாகை கட்டிய பரிமாறுவோர் அங்கே சேவகர் அல்லர், சங்கத்தின் சொந்தக்காரர். கேரளத்துக் காப்பி ஹவுஸில் பீட்ரூட் போட்ட மசால் தோசை நம் நாக்குக்குச் சற்று விநோதமாயிருக்கலாம். ஆயினும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அது மதுவில்லாமல் விற்றுக் கடையைக் காப்பாற்றியிருக்கிறது.

குடியில்லாத விடுதி இலாபம் தராது என்று வாதிப்போருக்கு ஹட்ஸ்வெல் ஊரின் கணக்கே விடை. பீர் மட்டும் போதுமாயிருந்தால் அந்த விடுதி 2008இல் மூடியிருக்காது. ஒரே வரவை நம்பாமல் நாலு வழியில் காசு வரும்படி செய்ததே அதன் சூட்சுமம். இங்கும் படுக்கை வாடகை ஒரு பங்கு, சாப்பாடு ஒரு பங்கு, முன்கூடத்தில் சங்கங்களின் கைத்தறி விற்பனை ஒரு பங்கு, தினை, சாமை, நாட்டுச் சர்க்கரை, செக்கு மணிலா எண்ணெய் என்று விளைவிப்போர் சரக்கு ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஜவ்வாது மலைச் சாமை, அதைத் தேடி வரும் வெளியூர் யாத்திரிகருக்கு நல்ல சரக்கு. திங்களன்று அங்கத்தினருக்கும், பௌர்ணமியன்று மீந்த அறைகள் வெளியாருக்கும் என்று வகுத்தால், யாத்திரிகர் கொடுக்கும் வாடகை மனுதாரரின் சோற்றைக் குறைந்த விலையில் போட உதவும். அறைகளில் விரிக்கும் போர்வையும் துண்டும் நம் தறியில் நெய்தவையாக இருக்க வேண்டும் என்று சொல்லவும் வேண்டுமோ? இதைச் சொல்லாவிட்டால் நிர்வாகக் குழு டெண்டர் விட்டு விசைத்தறிப் போர்வை வாங்கிவிடும். அந்த வழக்கத்தை நாம் அறிவோம்.

பணம் எங்கிருந்து வரும்? இதில்தான் நாம் அங்கத்தினர்களை எச்சரிக்க விரும்புகிறோம். சங்கங்களின் காப்பு நிதியில் கை வைக்கக் கூடாது. விதிகளும் இடம் தாரா. அரசாங்க மானியத்தை எதிர்பார்த்துத் தொடங்குவதும் தவறு. மானியம் நிற்கும் நாளில் மங்கம்மாளுக்குப் பின் சத்திரங்களுக்கு நேர்ந்த கதியே நேரும். தனிச் சங்கமாகப் பதிவு செய்து, பங்குத் தொகையை அங்கத்தினரே போட வேண்டும். பேச்சுக்கு, 2,000 பேர் தலைக்கு 500 ரூபாய் போட்டால் 10 இலட்சம் ஆகும். அதில் கட்டடம் எழாது. ஆனால் வாடகைக்கு ஒரு கட்டடம் பிடித்து, பாத்திரமும் கட்டிலும் பாயும் வாங்கி, ஆறு மாதச் சம்பளத்தை ஒதுக்கி வைக்கப் போதும். யார் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் வாக்கு ஒன்றே. ஓல்டு கிரவுனில் பானிங்டனுக்கும் ஓர் ஓட்டுத்தான், பக்கத்து வீட்டுக் குடியானவருக்கும் ஓர் ஓட்டுத்தான்.

தணிக்கையில் நாம் காணும் நோய்கள் சில உண்டு. அவை விடுதியில் இன்னும் வேகமாகப் பரவும். முதலாவது, கடன் சாப்பாடு. ‘எழுதி வை’ என்ற இரண்டு சொற்கள் எத்தனையோ கூட்டுறவுச் சிற்றுண்டிச் சாலைகளை விழுங்கியிருக்கின்றன. ராச்டேல் முன்னோடிகள் ரொக்கத்துக்கே விற்றார்கள். இரக்கம் இல்லாததால் அன்று, கடனால் முந்தைய சங்கங்கள் மாண்டதைக் கண்டிருந்ததால். இரண்டாவது, நிர்வாகிகளின் உறவினர். தலைவரின் மைத்துனர் தீபத்துக்கு வந்து நான்கு நாள் தங்கிவிட்டுப் போவார், ரசீது இராது. தங்குவோர் பெயரும் பணமும் எழுதும் புத்தகத்தை முன்கூடத்து மேசையில் எவரும் பார்க்கும்படி விரித்து வைப்பதே இதற்கு மருந்து. மூன்றாவது, அன்றாட வசூலை அன்றன்றே வங்கியில் கட்டாமை. மூன்றையும் துணைவிதியிலேயே எழுதிவிட வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே பந்தி என்பதையும் எழுத வேண்டும். சட்டம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது என்று விட்டுவிடாமல் நம் கையாலும் எழுதுவது நன்று.

கிழவர்கள் சிலர் இத்திட்டத்தைக் கேட்டதும், ‘சோறு விற்பதா?’ என்று முகம் சுளிப்பதை நாம் அறிவோம். சோற்றை விற்பது பாவம் என்று எண்ணிய தலைமுறை அது. அவர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் இலவசச் சோற்றை உண்டவர் கை கட்டி நின்றார் என்பதையும் அவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். பங்குப் பணம் போட்டு, காசு கொடுத்துச் சாப்பிடுபவர், சாம்பாரில் உப்பில்லை என்று பொதுப்பேரவையில் எழுந்து நின்று கேட்கலாம். தலைவர் பதில் சொல்லியாக வேண்டும். தஞ்சைச் சத்திரத்தில் அது நடந்திராது.

அந்தப் பழைய சத்திரங்களிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. வந்த கூட்டம் முடிந்தது என்று அடுப்பை அணைக்காமல், இன்னும் யாரேனும் உண்ணாமல் இருக்கிறாரா என்று தேடிய அந்த நள்ளிரவு மணி. மலைப் பேருந்தைத் தவறவிட்டு ஒன்பது மணிக்கு மேல் வரும் அங்கத்தினருக்கு இரண்டு பிடிச் சோறு எடுத்து வைப்பது என்று ஒரு விதியைச் சேர்த்தால், அதன் செலவு ஐந்தொகையில் கண்ணுக்கே தெரியாது.

இவ்வாண்டுப் பொதுப்பேரவைக் கூட்டங்களில் நெசவாளர் சங்கங்களும், தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களும், விற்பனைச் சங்கமும் இதைத் தனித்தனியே விவாதிக்கலாம். ஒவ்வொரு சங்கமும் தன் ஊரிலிருந்து மாதத்தில் எத்தனை பேர் வேங்கிக்காலுக்கு வருகிறார்கள், அதில் இரவு தங்க நேர்பவர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று மூன்று மாதம் ஒரு நோட்டில் குறித்துவைத்தால், எத்தனை கட்டில் வேண்டும் என்பது தானே விளங்கும். எண்ணாமல் கட்டிடம் தேடப் புறப்படுவது வீண். எண்ணிய பிறகு புறப்படும்போது சித்திரையில் போய்ப் பார்ப்பது நல்லது. அந்த மாதத்தில் கிணற்றில் தண்ணீர் இருக்கும் கட்டிடத்துக்குத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.